கணக்கு வராதவள்

கல்லூரியின் மூன்றாம் மாடி வகுப்பறையில் கதவை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள் அவள். எழுந்து ஓட வேண்டி வந்தால் யார் காலையும் மிதிக்காமல் ஓடிவிடலாம். போன வருடம் இதே பாடத்துக்கு இதே மாடியேறி வந்து, மூன்றாவது வாரம் பாதி வகுப்பில் எழுந்து போனவள்தான். அன்றைக்கு நடுவரிசையில் மாட்டிக்கொண்டதால் நான்கு பேர் எழுந்து நின்று வழிவிட வேண்டியிருந்தது. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

வயது நாற்பத்துமூன்று. ஒரு பெரிய மருத்துவமனையில், தரைக்குக் கீழே இருக்கும் அறையில் பதினான்கு வருடமாக வேலை. அறுவை சிகிச்சை முடிந்து ரத்தக்கறையோடு வரும் கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாவற்றையும் கழுவி, எண்ணிச் சரிபார்த்து, தட்டுகளில் அடுக்கி, துணியில் சுற்றி, ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரத்துக்குள் தள்ளி, நீராவியில் கிருமி போக்குவது அந்தப் பிரிவின் வேலை. அந்த நீராவி இயந்திரம் அவள் பொறுப்பு. அதனால் மருத்துவமனை முழுக்க அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். "நம்ம ஆஸ்பத்திரியில ஆவி இருக்குன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. கீழ போய்ப் பாருங்க, டீ குடிச்சிட்டிருக்கும்" என்று நர்சுகள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிடுவாள். வேலையில் அவளை யாரும் ஒரு சொல் குறை சொன்னது கிடையாது.

வினை போன வருடம் ஒரு சுற்றறிக்கையாக வந்தது. இயந்திரத்தை இயக்குகிறவர்கள் எல்லோரும் இந்த வருடக் கடைசிக்குள் ஒரு சான்றிதழ் படிப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்கள் வேறு வேலைக்கு மாற்றப்படுவார்கள். வேறு வேலை என்றால் தள்ளுவண்டி. மேல் மாடிகளுக்கும் கீழ் அறைக்கும் நடுவே நாள் முழுவதும் தட்டுகளை ஏற்றி இறக்குவது. படிப்பில் நான்கு பாடங்கள். கிருமிகளைப் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். இயந்திரப் பராமரிப்பு, பாதுகாப்பு விதிகள், இரண்டும் அவள் தினமும் செய்கிற வேலையாகத்தான் இருந்தன. நான்காவது, தொடக்கநிலை அல்ஜீப்ரா. அங்கேதான் வண்டி நின்றது.

அவளுக்குக் கணக்கு வராது. இது அவளாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆறாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் கால் மணி நேரம் நின்று, கடைசியில் கைச் சாக்பீஸ் வியர்வையில் ஈரமாகி உடைந்த அன்று, அவளுடைய அம்மா அவளைக் கட்டிக்கொண்டு சொன்னது. "விடு, உனக்குக் கணக்கு வராது. அவ்வளவுதான். அதுக்காக அழுவாங்களா?" திட்டவில்லை, அடிக்கவில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னதால் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்கா சொன்னாள், மாமா சொன்னார். பெண் பார்க்க வந்தபோதுகூட யாரோ சிரிப்பாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாங்கு, வரி, மின்கட்டணம், ரயில் நேரம் என்று எண் என்ற பேச்செடுத்தாலே கணவன் கைநீட்டி வாங்கிக்கொண்டான். ஒரு தட்டில் நாற்பத்தேழு கருவி இருந்தால் ஒரு பார்வையில் நாற்பத்தேழு என்று சொல்லிவிடுவாள். ஆனால் அது கணக்கில்லை, எண்ணுவது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஆசிரியருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. தொண்டை எப்போதும் கட்டியிருந்தது. காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஒரு கல்லூரி, சாயங்காலம் இங்கே. அதனால் மாணவர்கள் அவருக்கு மூணு காலேஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் பலகையில் எழுதினார்: மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் இருபது.

அவளுக்கு உள்ளங்கை ஈரமானது. எக்ஸைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார், உதடு அசைவது தெரிந்தது, சொல் காதுக்குள் இறங்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்த வேலை. எட்டு மணி நேரம் ஈரத் தரையில் நின்ற கால்கள் மேஜைக்கடியில் விண்விண்ணென்று தெறித்தன. சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள், பேனாவைச் சுழற்றிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, ஐந்து என்றார்கள்.

எப்படி ஐந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் துணிந்து கேட்டாள். "சார், நான் ஸ்டீம் மெஷின் ஓட்டுறவ. இந்த எக்ஸ் எங்க வேலையில எங்க சார் வருது?"

அவர் பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டிருந்தார். "வராது" என்றார்.

"பின்ன எதுக்கு சார் படிக்கச் சொல்றாங்க?"

"எனக்கும் தெரியலைங்க. பாடத்திட்டத்துல இருக்கு. நான் நடத்துறேன்." பிறகு, அப்படிச் சொன்னது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, "கஷ்டமா இருந்தா கேளுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்சைப் பிடிக்க ஓடினார்.

வீட்டுப்பாடம் பத்துக் கணக்கு. சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவன் குளித்துவிட்டு வந்தான். அவன் டைல்ஸ் பதிப்பவன். இருபத்திரண்டு வருடமாக முட்டிபோட்டு முட்டிபோட்டு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாற்காலியில் உட்காரும்போதே ஒரு முனகல் வரும். ஆனால் ஒரு அறைக்குள் நுழைந்து நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தானானால், இத்தனை பெட்டி டைல்ஸ், ஓரத்துக்கு இத்தனை வெட்டு, உடைசலுக்கு இத்தனை என்று வாயிலேயே சொல்லிவிடுவான். ஒரு பெட்டி மிஞ்சாது, ஒரு பெட்டி குறையாது.

"என்ன, அழுறியா?"

"இல்ல. கண்ணு எரியுது."

"கொண்டா இங்க." எட்டிப் பார்த்தான். "அட, இவ்வளவுதானா? இருபதுல அஞ்சு போச்சுன்னா பதினஞ்சு. மூணு பங்கு போடு. அஞ்சு." அவள் விரலிடுக்கிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டான். பழைய பில்லின் பின்பக்கத்தில் பத்துக் கணக்கையும் மளமளவென்று போட்டான். "இதைப் பாத்து அழகா எழுதிக்கோ. போய்ப் படு. நாளைக்குக் காலையில வேலை இருக்கில்ல."

அவள் பார்த்து எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு வரியும் புரிந்ததுபோல்தான் இருந்தது. அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது, பத்துக்குப் பத்து. கணவன் அதை வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி பார்த்தான். பத்தாவது முடிந்த கையோடு அப்பாவுக்குக் கை ஒடிந்து, அவன் வேலைக்குப் போனவன். பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் மதிப்பெண் பார்த்து முப்பது வருடமாகிறது. அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்தால் அவனே கேட்பான், "இந்த வாரம் என்ன குடுத்திருக்காரு?" வேலைக் களைப்பெல்லாம் போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவான். அவள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அவன் கணக்கை முடித்துவிடுவான். சில நாள் விளக்கவும் பார்த்தான். அவளுக்குப் புரியாதபோது முகம் சுண்டி, "சரி விடு, அது உனக்கு வராது, நான் இருக்கேன்ல" என்பான். அதைக் கேட்கும்போது அவளுக்கு ஒரே நேரத்தில் நிம்மதியாகவும் இருந்தது, யாரோ நெஞ்சில் கைவைத்து மெல்லப் பின்னால் தள்ளியதுபோலவும் இருந்தது. அக்கா போனில் கேட்டாள், "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த வம்பு? தள்ளுவண்டி தள்ளினா என்ன, சம்பளம் அதேதானே?" இயந்திரத்தின் கதவைத் திறக்கையில் முகத்தில் அடிக்கும் அந்த வெப்பத்தை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

ஆறாவது வாரம் முதல் டெஸ்ட். வகுப்பிலேயே, ஒரு மணி நேரம், பதினைந்து மதிப்பெண். கேள்வித்தாளைத் திருப்பியதும் எழுத்துக்கள் கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் தெரிந்தன. பெயரை எழுதினாள். முதல் கேள்வியை ஏழு தடவை படித்தாள். பழைய பில்லின் பின்பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கணவனின் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது, அதில் என்ன எழுதியிருந்தது என்று வரவில்லை. அடுத்த வகுப்பில் தாள் திரும்பி வந்தது, பதினைந்துக்கு இரண்டு.

ஆசிரியர் அவளை நிறுத்தி வைத்தார். வகுப்பு காலியாகும் வரை பலகையைத் துடைத்தார். பிறகு மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பத்து. ஒன்றில் இரண்டு.

"வீட்டுப்பாடத்துல வர்ற வழி நல்ல வழிதாங்க. ஆனா நான் வகுப்புல சொல்லிக்குடுத்த வழி இல்ல. மனக்கணக்கு நல்லா வர்ற யாரோ போடுற வழி." அவர் குரலில் கோபமில்லை. தூக்கம்தான் இருந்தது. "இது நீங்க போட்டதா?"

"ஆமா சார். நான்தான் போட்டேன்."

"யாரும் உதவி பண்ணலையா?"

"இல்ல சார்."

"சரி" என்றார். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கணவன் கேட்டதற்கு, மார்க் இன்னும் வரவில்லை என்று இன்னொரு பொய் சொன்னாள். பதினான்கு வருடத்தில் வேலையில் ஒரு பொய் சொன்னதில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரே சாயங்காலத்தில் மூன்று சொல்லியாகிவிட்டது.

நான்கு நாள் கழித்து வேலையில் ஒன்று நடந்தது. அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்ணுக்குப் புதுசு என்று பெயர். சேர்ந்து ஆறு வருடமாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தட்டின் துணிச்சுற்றின் மேலும் ஒரு காகிதப்பட்டை ஒட்டுவார்கள். நீராவி போதுமான அளவு பட்டிருந்தால் அது நிறம் மாறிக் கறுத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மேலே அறுவை சிகிச்சை அறையிலிருந்து போன் மேல் போன். அவசரத்தில் புதுசு பார்க்காமலே கையெழுத்துப் போட்டு ஒரு தட்டை அனுப்பப் பார்த்தாள். ஆவியக்கா வண்டியை நிறுத்தி, தட்டைத் திருப்பிப் பார்த்தாள். பட்டை கறுத்துத்தான் இருந்தது. தட்டில் பிழையில்லை. ஆனாலும் அவள் விடவில்லை.

"பாத்தியா நீ?"

"நல்லாத்தானேக்கா இருக்கு."

"நல்லா இருக்கா இல்லையான்னு கேக்கல. நீ பாத்தியா? உன் கையெழுத்துக்குக் கீழ வேற யாரோட அதிர்ஷ்டமோ இருக்கு. நீ பாத்தது எங்க இருக்கு?"

புதுசின் கண் கலங்கிவிட்டது. ஆவியக்கா இயந்திரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்ன வார்த்தை அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே போய் மாடிப்படியில் காத்திருந்தாள். ஆசிரியர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்.

"சார், நான் பொய் சொன்னேன். ஆறு வாரமும் என் வீட்டுக்காரர் போட்டுக் குடுத்ததைப் பாத்து எழுதினேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நின்று கேட்க அவருக்குத் தெம்பில்லை போலிருந்தது. "ஏங்க இதை இப்போ சொல்றீங்க?"

"சொல்லாம இருக்க முடியல சார்."

"சொன்னா நான் அந்த ஆறையும் அடிச்சாகணும். நூத்துல பத்து மார்க் போயிடும். அது தெரியுமில்ல? அம்பது இருந்தாத்தான் பாஸ்."

"தெரியும்."

"ஆபீசுக்கும் எழுதணும்." அவர் கண்ணாடியைக் கழற்றி, கண்களை விரலால் அழுத்தினார். "எழுதல. நீங்களா வந்து சொன்னதால எழுதல. இனிமே நீங்களே போடுங்க. தப்பாப் போட்டாலும் பரவாயில்ல, போடுங்க. என்கிட்ட நூத்தி எழுபது பேர் படிக்கிறாங்க. தப்பைப் பாத்து அசர்ற நிலைமையில நான் இல்ல."

அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுவே அவளுக்கு என்னவோ செய்தது. தன் தப்பு இவ்வளவு சாதாரணமானது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

வீட்டில்தான் கஷ்டம். செவ்வாய்க்கிழமை கணவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இனிமே நான் போட்டுக்கிறேங்க."

"ஏன்? மார்க் குறைஞ்சிடுச்சா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மார்க்கைச் சொன்னாள். பொய்யைச் சொன்னாள். படிக்கட்டில் சொன்னதையும் அடித்துவிட்ட பத்து மதிப்பெண்ணையும் சொன்னாள். அவன் எழுந்தான். ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டியிருந்த ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தான். கிழிந்துவிடாமல் எடுத்தான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் என்ன திருட்டா பண்ணினேன்? நீ அழுததைப் பாக்க முடியாமதானே செஞ்சேன்."

"தெரியுங்க."

"அந்த வாத்தியாருக்குத் தெரியாமலேயே போயிருக்கும். நீயா போய்க் குழியில விழுந்துட்டு வந்திருக்கே."

"என் பேரு போட்டிருக்கு. உள்ள நான் இல்லையே."

அவன் தாள்களோடு உள்ளே போனான். எட்டு நாள் அவனோடு பேச்சு, சாப்பாடு போடவா, விளக்கை அணைக்கவா என்ற அளவில்தான் இருந்தது.

அந்த வாரம் அவளே பத்துக் கணக்கையும் போட்டாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு தடவை நோட்டை மூடினாள். ஒரு தடவை முகம் கழுவிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் தாள் திரும்பியபோது நான்குதான் சரி. ஆறு இடத்தில் சிவப்பு வட்டம். எல்லா வட்டமும் ஒரே மாதிரி இடத்தில் இருந்தது: அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் இரண்டு இருந்தால், உள்ளே இருக்கும் மைனஸ் நான்கோடு பெருக்கும்போது கூட்டல் எட்டு ஆக வேண்டும். அவள் எல்லா இடத்திலும் மைனஸ் எட்டு என்றே எழுதியிருந்தாள். ஓரத்தில் ஆசிரியர் கிறுக்கியிருந்தார்: "ஆறு தப்பு இல்லை. ஒரே தப்பு, ஆறு தடவை."

அவள் அந்த வரியைப் பஸ்சில் படித்தாள். இறங்கிய பிறகும் படித்தாள். முப்பது வருடமாகக் கணக்கு வராது என்று மொத்தமாக மூட்டை கட்டி வைத்திருந்ததை யாரோ பிரித்து, இது மட்டும்தான் வரவில்லை என்று ஒன்றை எடுத்துக் காட்டியதுபோல் இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதற்கெல்லாம் உடம்பில் தெம்பில்லை. ஆனால் பயத்துக்கு ஓர் அளவு கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று மாறிவிடவில்லை. உள்ளங்கை வியர்த்துக்கொண்டேதான் இருந்தது. மதியம் வேலை முடிந்து வந்து கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பாள்; பாதியில் மேஜைமேல் தலை சாய்ந்து தூங்கிப்போவாள்; கன்னத்தில் பேனா மையோடு வகுப்புக்குப் போவாள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எதையும் தாண்டாமல், ஒவ்வொரு குறியையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். மற்றவர்கள் ஐந்து கணக்குப் போடும் நேரத்தில் அவளுக்கு இரண்டு ஆகும். இரண்டாவது டெஸ்டில் பதினைந்துக்கு ஒன்பது வந்தது. வீட்டுப்பாடத்தில் ஐந்து, ஆறு, ஏழு என்று வந்தது. கணவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "எப்படிப் போகுது?" என்று கேட்டான். "மெதுவா போகுது" என்றாள். அத்தோடு கோபம் முடிந்தது.

கடைசிப் பரீட்சை ஐம்பது மதிப்பெண்ணுக்கு. பெரிய கூடம், வரிசை வரிசையாக மேஜைகள். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் பழைய கலங்கல் வந்துவிட்டது. கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் ஒருத்தி கழிவறை வரை கூடவே வந்தாள். குழாயடியில் கையைக் கழுவினாள், வேலைக்குப் போகும்போது கழுவுகிற மாதிரி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வரிசையாக. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஓடிப் போயிடலாம்னு இருக்கு" என்றாள் அவள்.

"போறதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றாள் கண்காணிப்பாளர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். தெரிந்த கணக்குகளை முதலில் போட்டாள். இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. மணி அடித்தபோது இன்னொன்றில் பாதியில் இருந்தாள்.

முடிவு வந்தது. பரீட்சையில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று. அவள் வாழ்நாளில் கணக்கில் வாங்கிய மிகப் பெரிய மதிப்பெண் அதுதான். ஆனால் மொத்தம் நாற்பத்தெட்டு. இரண்டு குறைவு.

ஆசிரியர் தாளை அவள் முன்னாலேயே மறுபடி கூட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. "எங்கேயாவது ரெண்டு மார்க் விட்டிருப்பேனான்னு நேத்தே மூணு தடவை பாத்துட்டேங்க. இல்ல" என்றார். அந்தப் பத்து மதிப்பெண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. "ஆறு வாரம் கழிச்சு மறுதேர்வு இருக்கு. அது தனி. நூத்துக்கு அம்பது எடுத்தாப் போதும். பழசு எதையும் சேர்க்க மாட்டாங்க."

"சரிங்க சார்."

"உங்களுக்கு என்மேல கோவம் இருக்கும்."

"இல்ல சார். களைப்பாத்தான் இருக்கு."

வீட்டில் கணவன் கேட்டுவிட்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். "சும்மா இருந்திருந்தா அம்பத்தேழு, அம்பத்தெட்டு வந்திருக்கும்" என்றான்.

"வந்திருக்கும்."

"வருத்தமா இல்லையா?"

அவள் யோசித்தாள். "இருக்கு" என்றாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "நாளைக்குப் பேசலாம். எனக்குத் தூங்கணும்."

வருடம் முடிந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே விதியைச் சொன்னார். அடுத்த திங்கள்கிழமை முதல் அவள் தள்ளுவண்டிக்குப் போனாள். போன வருடமே சான்றிதழ் வாங்கிவிட்ட புதுசு இயந்திரத்தில் நின்றாள். முதல் நாள் புதுசு அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியின் ஒரு சக்கரம் கோணிக்கொண்டு இழுத்தது. ஒரு நாளைக்கு முப்பது முப்பத்தைந்து தடவை லிப்ட். நர்சுகள் ஆவியக்கா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வெறும் அக்கா என்றார்கள். அதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் புதுசு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, பட்டையை ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் போடுறேன்."

"தெரியும். நானும் பாத்துட்டுத்தானே எடுத்துட்டுப் போறேன்."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்சம் லேசானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பழைய கணக்குகளை மறுபடி போட்டாள். ஒரு ஞாயிறு கணவன் எதிரே வந்து உட்கார்ந்தான். கையில் புது நோட்டு. அளவெடுக்கும் தடித்த பென்சில். அவளுடைய புத்தகத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, ஒரு கணக்கைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

"உனக்காக இல்ல. எனக்குப் போடணும்போல இருக்கு" என்றான்.

"போடுங்க. விடையைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

சொன்னான். பழக்கம் விடுமா? அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். பிறகு அவன் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டான். அவள் ஒரு கணக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்து தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு, கை நீட்டாமல் இருப்பது அவனுக்கு முட்டிவலியைவிடப் பெரிய வேதனை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் இருந்தாள்.

மறுதேர்வு ஒரு சின்ன அறையில் நடந்தது. ஒன்பது பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேலே மின்விசிறி கடகடவென்றது. அவளுக்குப் பயம் வந்தது, வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரத்தையும் கடைசி நிமிடம் வரை பயன்படுத்தினாள்.

அறுபத்தொன்று. அறிவிப்புப் பலகையில் பார்த்தாள். பெயருக்கு நேரே விரலை வைத்து, இழுத்துக்கொண்டு போய், இன்னொரு தடவை பார்த்தாள். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கால் செருப்பைக் கழற்றிவிட்டு, கணவனுக்குப் போன் செய்தாள். அவன் யாரோ ஒருவர் வீட்டில் வேலையில் இருந்தான்; பின்னால் டைல்ஸ் வெட்டும் சத்தம் கேட்டது.

"அறுபத்தொண்ணு" என்றாள்.

வெட்டும் சத்தம் நின்றது. "நூத்துக்கா?"

"பின்ன? நூத்துக்குத்தான்."

"தாளைக் குடுப்பாங்களா?" என்று கேட்டான். "நீ எங்க தப்பு விட்டிருக்கேன்னு பாக்கணும்."

"குடுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தப்புப் பாக்கணும்னா நீங்களே வந்து சேருங்க. சாயங்கால வகுப்பு. பத்தாவது முடிச்சிருந்தாப் போதும். நான் கேட்டுட்டேன்."

"என் வயசுக்கு அங்க போய் உக்காரணுமா? முட்டி மடங்காது."

"கதவுகிட்ட உக்காருங்க. காலை நீட்டிக்கலாம்."

அவன் பார்க்கலாம் என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்கடுத்த திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் மறுபடி இயந்திரத்தின் முன் நின்றாள். கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது. முதல் தட்டை எடுத்து, பட்டையைப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். எதுவும் மாறியிருக்கவில்லை. அதே ஈரத் தரை, அதே கால்வலி, மேலேயிருந்து அதே அவசர போன்கள். எக்ஸ் எங்கேயும் வரவில்லை. மதியம் இரண்டு நர்சுகள் எட்டிப் பார்த்து, "ஆவி திரும்ப வந்துடுச்சு" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு போனார்கள். புதுசு அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து வைத்தாள்.

வேலை முடிந்து பஸ்சில் சன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது தன் நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் வந்திருந்தது. முன்பெல்லாம் இதற்கு ஒருநாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். இறங்கினாள். எதிர்ப்பக்கம் பஸ் வர நேரமாகும்போல் இருந்தது. கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல், வீட்டை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.